நீலம் வராத நீர்

மார்ச் 4
ஏரியில் குளிக்கக் கூடாது என்று இந்த வருஷமும் பலகை வைத்துவிட்டார்கள். காரணம் நாங்கள்தான். எங்கள் நிலையம் சுத்திகரித்து விடும் கழிவுநீர் பார்க்கத் தெளிவுதான். ஆனால் அதில் கரைந்திருக்கும் பாஸ்பரஸ், ஏரியை நஞ்சாக்கும் பாசிக்குத் தீனி. ஒன்பது வருஷமாக ஆய்வுக்கூடத்தில் அதை அளந்து எழுதுகிறேன். அளந்தால் போதுமா?

மார்ச் 9
என் வீட்டுக்காரரின் லேத் பட்டறையிலிருந்து ஒரு வாளி இரும்புத்தூள். எண்ணெய் போகக் கழுவி, மணலோடு கலந்து, ஆளுயரக் குழாயில் நிரப்பியாயிற்று. துருப்பிடித்த இரும்பு பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்ததுதான்.
"நான் கூப்பிட்டா பட்டறைப் பக்கமே வரமாட்டே. குப்பை அள்ள மட்டும் ஓடி வர்றே!" என்றார்.

மார்ச் 17
சோதனை மருந்து விட்டால் பாஸ்பரஸ் உள்ள நீர் நீலமாகும். குழாயின் மேலே விடுகிற நிலையத்து நீர் — கருநீலம். கீழே வடிந்தது — பத்து நிமிஷம், இருபது நிமிஷம் — நிறமே இல்லை! மருந்து விட மறந்தேனோ? மறுபடி செய்தேன். இல்லவே இல்லை!
நிலையப் பொறியாளரிடம் ஓடினேன். "ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம்மா. ரெண்டு வாரம் விடாம இதே மாதிரி நிறமில்லாம வரட்டும். ஏப்ரல் ஏழு அன்னிக்கு நான் இந்த வருஷ வேலைத் திட்டத்தை மேலிடத்துக்கு அனுப்பணும். அதுக்குள்ள இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்."

மார்ச் 23, திங்கள்
நீலம். உள்ளே போனதைவிட அதிக நீலம்! பிடித்ததையெல்லாம் கக்கியிருக்கிறது. ஐயோ, எல்லாம் போச்சு. எதை மாத்தினேன்? ஒண்ணுமே மாத்தலையே!

மார்ச் 24
பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வந்து குழாயைத் தட்டிப் பார்த்தாள். "கீழ் வால்வு பாதி அடைச்சிருக்கு. சனி, ஞாயிறு பூரா தண்ணியிலேயே முங்கிக் கிடந்திருக்கு. மூச்சு முட்டாதா அதுக்கு?"
மூச்சு! காற்று கிடைக்காவிட்டால் இரும்பு பிடியை விட்டுவிடும். எனக்கு ஏன் தோன்றவில்லை? அக்காவைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, மேலெல்லாம் கிரீஸு!"
வால்வைச் சரிசெய்தோம். இனி தினம் பாதி நேரம் குழாயில் நீர் ஓட வேண்டும், பாதி நேரம் வடிந்து காற்று வாங்க வேண்டும். சரியாக இரண்டு வாரம் இருக்கிறது.

மார்ச் 26
நிறமில்லை!

ஏப்ரல் 2
அக்கா வாசலிலிருந்தே, "நீலமா?"
"இல்லக்கா!"

ஏப்ரல் 7
பொறியாளர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தானே நீர் எடுத்து, தானே சோதித்தார். மூன்று முறை. கண்ணாடிக் கதவு வழியே அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.
வெளியே வந்தவர் எங்களைத் தாண்டி நேரே நடந்தார். நிலையத்தின் பின்னாலிருக்கும் காலி மனைக்குப் போய், அடிமேல் அடி வைத்து நீளத்தை அளந்தார். பிறகு அகலத்தை. அந்தக் கோடியிலிருந்து திரும்பிக் கத்தினார்:
"இவ்வளவு இடத்துக்கு மணல் எத்தனை லாரிம்மா பிடிக்கும்?"