ராஜாளியின் வயிறு

மேகமலை
12 பிப்ரவரி 1934

கண்ணான மகள் சங்கிலியம்மாளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. எழுத்துகள் சந்தைக்குப் போகிற ஆடுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றாலும் வாசித்துவிட்டேன். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. தேயிலை எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் வேலை என்றால் உட்கார்ந்தே செய்கிற வேலை என்று நினைத்து வந்தேன். காலையில் மலை ஏறி இறங்கி அட்டையிடம் கடி வாங்கிய பிறகுதான் உட்காரவே விடுகிறார்கள்.

எங்கள் துரைசாணி தன் பிள்ளைகளுக்குச் சீமையிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்திருக்கிறார். அதில் படங்களுக்குக் கோடு மட்டுந்தான் இருக்கிறது, வர்ணத்தைப் பிள்ளைகளே தீட்டிக்கொள்ள வேண்டுமாம். எல்லாம் நாயும் ரோஜாப்பூவும். என் மகளுக்கு நானே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. இங்கே நாள் முழுக்கப் பருந்தும் வைரியும் ராஜாளியும் வட்டமடிக்கின்றன. கடிதத்துக்கு ஒன்றாக வரைந்து அனுப்புகிறேன். நீ வர்ணம் தீட்டித் திருப்பி அனுப்பு. எல்லாம் சேர்ந்ததும் தைத்து, அட்டை போட்டு, உன் கையில் புத்தகமாகக் கொடுப்பேன். முதலில் கருடன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்.

அன்புள்ள அப்பா
சுருளிவேல்


சுருளிப்பட்டி
3 மார்ச் 1934

அன்புள்ள அப்பாவுக்குச் சங்கிலி எழுதுவது.

கருடனுக்கு உடம்பு முழுக்கக் குங்குமமும் மஞ்சளும் குழைத்துத் தீட்டினேன். தலைக்குச் சுண்ணாம்பு, கண்ணுக்கு அடுப்புக்கரி. ரொம்ப அழகாக வந்தது. ஆனால் திருப்பி அனுப்ப முடியாது. அம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏடி, சாமியவா மடிச்சுத் தபால்ல போடுவ?" என்று என்னை வைதுவிட்டு, சோற்றுப் பசை வைத்து மாடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள். தினமும் கும்பிடுகிறாள்.

அதனால் இனிமேல் சாமி இல்லாத பறவையாக அனுப்புங்கள்.

நீங்கள் திருவிழாவுக்கு வருவதாக எழுதின வரியை அம்மா மறுபடியும் மறுபடியும் வாசிக்கச் சொல்கிறாள். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

உங்கள் மகள்
சங்கிலி


மேகமலை
20 ஜூன் 1934

அருமை மகளுக்கு,

திருவிழாவுக்கு வர முடியாமல் போய்விட்டது. கொழுந்து வரத்து அதிகம், துரை லீவு தரவில்லை. நீ அழுததாக உன் அழகர் மாமா எழுதியிருந்தார். அழுகிற பிள்ளைக்கு வர்ணப் பென்சில் பெட்டி கிடைக்காது என்று மிரட்டலாம் என்றால், பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இத்துடன் வருகிறது. இனி அம்மாவின் குங்குமச் சிமிழை விட்டுவிடு.

இந்தப் படம் ராஜாளி. பறவைகளில் இதற்கு இணையான வேகம் எதற்கும் கிடையாது. ஆபீசுக்குப் பின்னால் பாறை விளிம்பில் நின்றால் தினமும் பார்க்கலாம்.

அப்பா


சுருளிப்பட்டி
14 ஆகஸ்டு 1934

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆடி அமாவாசைக்கு அம்மாவும் அழகர் மாமாவும் நானும் சுருளி அருவிக்குப் போனோம். அருவிக்கு மேலே ராஜாளி பறந்தது. நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு வந்து தீட்டியிருக்கிறேன். கழுத்து வெள்ளை, வயிறு செங்கல் சிவப்பு. கோட்டுக்கு வெளியே எங்கேயும் போகவில்லை, பாருங்கள்.

பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறேன். மாமா மகள் கேட்டாள், தொடவிடவில்லை.

சங்கிலி


மேகமலை
9 செப்டம்பர் 1934

மகளே,

படம் வந்தது. கோட்டுக்குள் நின்றதெல்லாம் சரி. ஆனால் ராஜாளிக்கு ஏது சிவப்பு? அது சிலேட்டுக் கருப்பு. தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன். அன்றைக்கு அருவியில் குளித்துவிட்டுக் கண்ணைத் துடைக்காமல் பார்த்தாயா? கருப்பாகத் தீட்டி இன்னொன்று அனுப்பு. புத்தகத்தில் தப்பாக இருக்கக்கூடாது.

அப்பா


சுருளிப்பட்டி
1 அக்டோபர் 1934

அப்பாவுக்கு,

சிவப்புத்தான். நான் மாற்ற மாட்டேன். மாமாவும் பார்த்தார், அம்மாவும் பார்த்தாள். நீங்கள் நம்பாவிட்டால் இறங்கி வந்து எங்களோடு நின்று பாருங்கள்.

சங்கிலி


மேகமலை
28 அக்டோபர் 1934

என் பிடிவாதக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போனேன். ராஜாளி வந்தது. எனக்குக் கீழே, பள்ளத்தாக்கின் மேலே பறந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை காலமும் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். உன் தலைக்கு மேலே அதே பறவை வயிற்றைக் காட்டிக்கொண்டு போகிறது. நான் சொன்னதும் நிஜம், நீ சொன்னதும் நிஜம். ஆனாலும் உன்னைத் திட்டியது தப்பு.

தைப் பொங்கலுக்கு நிச்சயமாக வருகிறேன். அருவியில் உன் பக்கத்தில் நின்று அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும். அம்மாவிடம் சொல்.

அப்பா


சுருளிப்பட்டி
17 நவம்பர் 1938

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் பெரியவளானதற்குப் போன வாரம் சடங்கு நடந்தது. உங்களைக் கையோடு கூட்டி வருவதாகச் சொல்லித்தான் அழகர் மாமா மலைக்கு வந்தார். தனியாகத் திரும்பினார். "அவுகளுக்குக் காச்சல், வரமாட்டாக" என்றார். அவ்வளவுதான். ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிற மாமா அம்மாவிடம் மட்டும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். சபையில் உங்கள் இடத்தில் மாமாதான் நின்றார்.

உங்கள் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

மாமாவிடம் கொடுத்தனுப்பிய வைரிப் படம் கிடைத்தது. எனக்கு இன்னும் படம் அனுப்புகிறீர்கள் என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த வைரியின் வாலில் யாரோ ஏற்கெனவே வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். மஞ்சளும் குங்குமமும் குழைத்துப் பூசியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன விரல் தடம். நீங்கள் தனியாக இருக்கிற வீட்டில் குங்குமம் ஏது அப்பா?

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

சங்கிலியம்மாள்


மேகமலை
10 டிசம்பர் 1938

அருமை மகளுக்கு,

உடம்பு தேவலை. உன் சடங்குக்கு ஒரு பட்டுப் பாவாடைத் துணி சின்னமனூரில் எடுத்து வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. லயத்து வீடுகளில் இருக்கிற கூலியாட்களின் பிள்ளைகள் ஆபீசுக்கு வந்து போகும், எதையாவது தொட்டிருக்கும். சின்னப் பிள்ளைகளைக் கோபிக்க முடியுமா? இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இந்த முறை படம் இல்லை. கை ஓடவில்லை.

அப்பா


சுருளிப்பட்டி
25 ஜூலை 1941

அப்பாவுக்குச் சங்கிலியம்மாள் எழுதிக்கொள்வது.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மயிலாடும்பாறைக்காரர், விவசாயம். அழகர் மாமா பார்த்து முடித்தது.

உங்கள் கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. என் சடங்குக்கு மாமா மலையிலிருந்து தனியாகத் திரும்பி வந்த அன்றே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று அவளும், அவளுக்குத் தெரியக்கூடாது என்று நானும் ஒரே வீட்டில் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். போன வாரம் நானே கேட்டுவிட்டேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அங்கன ஒரு பிள்ளை இருந்தா அதுவும் படம் கேக்கத்தான செய்யும். வரைஞ்சு குடுக்கட்டும்." அன்று அவள் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பொங்கலுக்கு நீங்கள் வராதபோது, நான் வர்ணத்துக்காக உங்களோடு மல்லுக்கு நின்றதால் கோபித்துக்கொண்டுதான் வரவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கருப்பு என்றே தீட்டி அனுப்பியிருக்கலாமே என்று அழுதிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனால் அழுத பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

"பந்தக்கால் ஊன வாராகளான்னு உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்று அம்மா சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று நீங்கள் இன்னொரு முறை எழுதினால் அவளுக்கு அதை வாசித்துக் காட்ட எனக்குத் தெம்பு இல்லை. மாமா ஊன்றுவார்.

இத்துடன் வர்ணப் பெட்டியை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. குங்குமம் காய்ந்தால் உதிர்ந்துவிடும், வர்ணப் பென்சில்தான் நிற்கும். சிவப்பும் கருப்பும் விரலில் பிடிக்கிற அளவுக்குத்தான் மிச்சம். பச்சை மட்டும் சீவாமல் அப்படியே இருக்கிறது, உங்கள் பறவைகளுக்குப் பச்சை தேவைப்படவில்லை. நான் தீட்டித் திருப்பிய படங்களை எப்போதாவது தைத்து அட்டை போட்டால், அந்தப் புத்தகத்தையும் அதற்கே கொடுத்துவிடுங்கள். கருடன் மட்டும் இங்கே சுவரில் இருக்கட்டும். அம்மா இன்னும் கும்பிடுகிறாள்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். ராஜாளியின் வயிறு சிவப்பு. மேலேயே இருந்தால் அது தெரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். நான் நிறைய நாள் நின்று பார்த்திருக்கிறேன்.

சங்கிலியம்மாள்