உங்கள் லேகியத்தில் ஒன்றுமில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்
மாசி 11, வெள்ளிக்கிழமை

செட்டியார்பட்டியில் இருக்கும் சம்பந்தி சுடலையம்மாள் அவர்களுக்கு, பங்கஜவல்லி நமஸ்காரத்துடன் எழுதுவது.

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. அது உங்கள் ஊர் வரை வந்துவிட்டதாக உங்கள் மாப்பிள்ளை ஸ்ரீவத்ஸ் சொன்னான். அம்மா வீட்டு லேகியத்தைத் தின்று பாண்டீஸ்வரியின் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டதாம். மாமியார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்ததால்தான் தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்களாம். கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினவர்களும் உண்டு. அந்தப் பேச்சு பொய். நான் யாரையும் காப்பாற்றவில்லை. அந்த ஈயம் உங்கள் லேகியத்திலிருந்து வரவில்லை. நான் என் கையால் வைத்துக் கொடுத்த சாத்தமுதிலிருந்து வந்தது.

இதற்கு முன் இரண்டு தாள்களை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் மழையையும் உங்கள் வீட்டுக்காரரின் முழங்கால் வலியையும் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால்தான் இந்தத் தாளில் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

பாண்டீஸ்வரி எப்படி இருக்கிறாள் என்பதைச் சொல்கிறேன். நேற்று ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்தோம். குழந்தையின் வளர்ச்சி மாதத்துக்குத் தக்கபடி இருக்கிறது, இதயத் துடிப்பு சீராக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். தாயின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் பிள்ளைக்கும் போகும், இனி துளிகூடச் சேரக் கூடாது, பிரசவம் வரை பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிறந்த பிறகு குழந்தைக்கும் பார்க்க வேண்டும் என்றார். இரும்புச் சத்துக்கும் கால்சியத்துக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். பயப்படாதீர்கள் என்று நான் எழுத மாட்டேன். நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நான் சாத்தமுது வைக்கிற எங்கள் வீட்டு ஈயச்சொம்பு உங்களுக்கு நினைவிருக்கும். கார்த்திகையில் நீங்கள் இங்கே சாப்பிட்ட அன்று, ரசம் எம்புட்டு மணமா இருக்கு, இந்தச் சட்டிய எங்கன வாங்குனீக, நானும் ஒண்ணு வாங்கி வச்சுக்கிடுதேன் என்று கேட்டீர்கள். ரசம் இல்லை, சாத்தமுது என்று திருத்தினேன். சட்டி இல்லை, சொம்பு என்றும் திருத்தினேன். இது கடையில் கிடைக்கிற சாமான் இல்லை, என் மாமியாருக்கு அவருடைய மாமியார் கொடுத்தது, சுத்த வெள்ளீயம் என்றேன். நீங்கள் அதை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதனமாகக் கீழே வைத்தீர்கள்.

என் மாமியாரின் சொம்பு அப்போது இந்த வீட்டில் இல்லை. வெள்ளீயப் பாத்திரத்தைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும். இதை வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். போன ஆடியில் ஒரு நாள் காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, பருப்புத் தண்ணீரை எடுக்கத் திரும்பினவள், வாசலில் பூக்காரியின் குரல் கேட்டுப் போய்ப் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். வந்து பார்த்தபோது பர்னரைச் சுற்றி வெள்ளியாக வழிந்து கிடந்தது. அதற்கு முன்பே ஸ்ரீவத்ஸ், அம்மா, நீ தனியா கேஸ் பக்கம் போக வேண்டாம், சமைக்க ஆள் போடறேன் என்று ஆரம்பித்திருந்தான். பால் பொங்கித் தீய்ந்ததற்கே அந்தப் பேச்சு. சொம்பு உருகியது தெரிந்தால் சமையலறை என் கையை விட்டுப் போய்விடும். சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். ஆடிப்பூரத் தேர் சமயத்தில் ரத வீதி ஓரம் பாத்திரம் பரப்பியிருந்த வெளியூர்க்காரர் ஒருவரிடம் அதே அளவில் ஒன்று வாங்கினேன். கையில் எடுத்ததுமே பழையதைவிடக் கனமாக இருந்தது. கனமாக இருந்தால் தரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐப்பசியில் பாண்டீஸ்வரிக்கு வாந்தி நிற்கவே இல்லை. அவள் வயிற்றில் தங்கியது இந்தச் சாத்தமுது ஒன்றுதான். இரண்டு வேளையும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். வெள்ளீயம் விஷமில்லை, காரீயம்தான் விஷம், புளிப்புப் பட்டால் அது கரைந்து வரும் என்பதை இப்போது டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்கள் மகள் ஒரு தடவை கேட்டாள். அத்தை, இப்ப வர்ற ஈயச்சொம்புல காரீயம் கலக்காங்கன்னு போன்ல பாத்தேன், நம்மளது பழசுதான என்றாள். பழசுதான் என்றேன். சுவரில் இருந்த என் மாமியார் படத்தைக் காட்டிச் சொன்னேன். அவள் மேற்கொண்டு கேட்காமல் குடித்தாள்.

நீங்கள் வரும்போதெல்லாம் அவளிடம், ஏட்டி, பப்பாளியத் தொடாத, அன்னாசி ஆகாது, அய்யனார் கோவில் அருவிக்குக் கூப்பிட்டா போயிராத என்று சொல்வீர்கள். நான் கான்வென்டில் படித்தவள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் நம்புகிறார்கள் என்று உங்கள் எதிரிலேயே சிரித்தேன். பத்திரிகையில் படித்ததை நம்பித் தினமும் காலையில் முளைகட்டிய பயறைப் பச்சையாக ஒரு கிண்ணம் கொடுத்தேன். இடுப்பு வலி என்றபோது கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் வைத்து, நெடுநேரம் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன்.

மார்கழிக் கடைசியில், எத்தனை மாத்திரை சாப்பிட்டும் சோகை தீரவில்லை, வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார்கள். ஈயம் இருப்பதாக வந்தது. டாக்டரம்மா என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பச்சை முளைப்பயறு கூடாது, கிருமி இருக்கும், வேகவைத்துத்தான் தர வேண்டும் என்றார். உடம்பு கொதிக்கிற வெந்நீர் கூடாது என்றார். பப்பாளி நன்றாகப் பழுத்திருந்தால் பரவாயில்லை, காயாகவும் செங்காயாகவும் வேண்டாம் என்றார். என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, நாட்டு மருந்து ஏதாவது உண்டா, பழைய பாத்திரம் ஏதாவது புழங்குகிறீர்களா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் லேகியத்தைச் சொன்னேன். பாத்திரமெல்லாம் பரம்பரைப் பாத்திரம், வெள்ளீயம் என்றும் சொன்னேன். அப்போது எனக்குச் சொம்பின் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் சொன்னது பொய் என்று தெரியும்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் சேதி கேட்டுப் பஸ் பிடித்து ஓடி வந்தீர்கள். உங்களை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, லேகியத்தை டப்பாவிலிருந்து வழித்துச் சாக்கடையில் போட்டேன். நீங்கள் சத்தம் போடவில்லை. எம் பிள்ளைக்கு நானே வெசம் வப்பேனா, சம்பந்தியம்மா என்று மட்டும் கேட்டீர்கள். தெரியாமல் வைத்தாலும் விஷம் விஷம்தான், படிப்பு இல்லாததால் வருகிற வினை இது என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லை மாற்றினாலும் எனக்குச் சாதகமாகிவிடும். எதிர்வீட்டு ஜனனி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெருப்பேச்சு அங்கேதான் பிறந்தது.

லேகியத்தை நிறுத்திய பிறகு இந்த மாசித் தொடக்கத்தில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஈயம் குறையவில்லை, கூடியிருந்தது. ஸ்ரீவத்ஸும் பாண்டீஸ்வரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு மட்டும் விடை தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, சொம்பின் விளிம்பை ஒரு வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தேன். பென்சில் கோடு போல விழுந்தது. காரீயம் அப்படிக் கோடு போடும் என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் காட்டியிருக்கிறார். ஆடி மாதமே நான் ஒரு தாளை எடுத்திருக்கலாம்.

அன்று மதியம் எவர்சில்வரில் சாத்தமுது வைத்தேன். சொம்பைத் தேய்க்கப் போட்டிருக்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். சொம்பை ஒருவருக்கும் தெரியாமல் ஒழித்துவிட்டால் ஈயம் தானாகக் குறையும், லேகியம் உடம்பை விட்டுப் போகக் கொஞ்ச நாள் ஆயிற்று என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள், என் பெயரும் கெடாது என்று யோசித்தேன். ஒரு கணம் தோன்றி மறைந்த யோசனை இல்லை அது. சொம்பை ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டேன்.

அப்போது பாண்டீஸ்வரி உங்களுக்குப் போன் போட்டாள். கூடத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் வைத்துப் பேசினாள். பங்குனியில் வளைகாப்புக்கு முந்தின நாளே வந்துரும்மா, பொறவு உங்கூடவே நம்ம வீட்டுக்கு வாரேன் என்றாள். வேண்டாம்ட்டி, எங் கை பட்டது எதுவும் ஒனக்கு வேண்டாம், பேறுகாலத்தையும் அங்கனயே வச்சுக்கோ, அவிய படிச்சவிய, நல்லாப் பாத்துக்கிடுவாக, எனக்கு ஒல வைக்கவே கை நடுங்குது என்று நீங்கள் சொன்னதை நான் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டு அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய் அந்தப் பையை டாக்டரம்மாவின் மேஜை மேல் வைத்து அவிழ்த்தேன். உருகினது, வாங்கினது, பழசு என்று சொன்னது எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். ஸ்ரீவத்ஸ் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலுக்கு ஆள் தேடிப் போன் போட்டான். இப்போது சமையலுக்கு ஓர் அம்மாள் வருகிறார். அது சரிதான். பாண்டீஸ்வரி உங்கள் லேகியத்தில் ஓர் உருண்டையை எடுத்துத் தன் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். தின்பதற்கு இல்லை, அம்மா வாசனை இருந்தது, போட மனசு வரலை என்றாள். அதையும் சொம்பையும் மதுரைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சொம்பில் பாதிக்கு மேல் காரீயம். உங்கள் லேகியத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் பிரசவம் வரை எந்த லேகியமும் வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. உங்கள் மேல் விழுந்த பழியைத் துடைக்கிற கடிதம் என்பதற்காக அதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

நான் உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, எங்கிட்டக் கேக்க வேண்டாம் அத்தை, எங்க அம்மாவத் தெரு கேக்கச் சொன்னீங்கள்லா, தெரு கேக்க மாத்திச் சொல்லுங்க என்றாள். நேற்று மாலை ஜனனி வீட்டு வாசலில் நாலைந்து பேர் இருந்தபோது போய்ச் சொன்னேன். பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மீதியையும் சொன்னேன். இன்று காலை கோயிலில் யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

சம்பந்தியம்மா, நான் உங்களை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு இன்னும் நாள் ஆக வேண்டும். பாண்டீஸ்வரி இங்கே சமையல்கார அம்மாள் போடுவதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். என் வீட்டுத் தட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். அவளுக்கு நீங்கள் சோறு போட வேண்டும். வளைகாப்புக்கு வந்து, உங்கள் கையால் முதல் வளையலை அடுக்கி, அவளை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. அந்த நடுக்கம் நான் வைத்தது. அது தீர வேண்டும் என்று இன்று ஆண்டாள் சன்னதியில் நின்று கேட்டேன். எனக்காக எதையும் கேட்க வாய் வரவில்லை.

இதற்குப் பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். போனில் நான் குறுக்கே பேசிவிடுவேன். ஸ்ரீவத்ஸிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். வருவீர்களா, மாட்டீர்களா என்பதை உங்கள் கையால் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அடியேன்,
பங்கஜவல்லி