இரண்டு பர்லாங் தூரம்

அய்யா,

பள்ளிச் சுற்றுலாக் காகிதத்தை ஒளித்து வைக்க இன்று சாயங்காலம் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். டீசலும் வெடிமருந்தும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. காக்கிச் சட்டைக்குள் நம் நாற்பது பக்க நோட்டு சுருண்டு கிடந்தது. அட்டையில் உங்கள் கட்டைவிரல் கிரீஸ் அப்படியே இருக்கிறது.

அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைத் தணித்துவைத்து, அந்த நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. விடிந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ். அம்மாவைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் டீச்சர் என்னை ஏற்ற மாட்டார்கள்.

நோட்டைப் புரட்டினால் பயத்தையும் மீறிச் சிரிப்பு வருகிறது. தீபாவளி சீசன் முடிந்ததும் காலி லாரியில் நாம் மூவரும் கொடைக்கானல், ஊட்டி, மைசூர், பெங்களூர் என்று சுற்றுவதாகத் திட்டம். நீங்கள் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு சொல்ல, நான் எழுதினேன். அந்த ஊர்களுக்கெல்லாம் வெடி லோடு ஓட்டியவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது இருக்குமா என்று நினைத்தேன்.

“ஊட்டியில என்ன இருக்குய்யா?”

“பஞ்சர் ஒட்டுற கடை இருக்கு. தங்கமான மனுசன்.”

“மைசூர்ல?”

“ஊருக்கு முன்னால ஒரு வேப்பமரம். படுத்தா எந்திரிக்க மனசு வராது.”

“அரண்மனை பாத்திருக்கீகளா?”

“தூரத்துல வெளிச்சம் தெரியும், ஏட்டி.”

வெடி ஏற்றிய லாரி ஊருக்குள் போகக் கூடாது என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். வெளியே கிடங்கில் இறக்கும்வரை வண்டியை விட்டு நகரவும் முடியாதாம். இறக்கியதும் அடுத்த லோடுக்குத் திரும்ப வேண்டும். கொடைக்கானலில் ஏரி எங்கே என்று கிடங்குக்காரரைக் கேட்டீர்களாம். “ரெண்டே பர்லாங்குன்னான். அங்கன இருந்து காத்து மட்டும் வந்துச்சு” என்று சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அதனால் நம் நோட்டில் வழி முழுக்கப் புளியமரமும் தண்ணீர்க் குழாயும் டீக்கடையும் இருக்கின்றன. ஊர்ப் பெயருக்கு நேரே எல்லாம் ஒரே வரிதான்: உள்ளே போய்ப் பார்க்கணும்.

அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். “மாசம் பூரா ரோட்டுலயே கிடக்குறீக. வீட்டுக்கு வந்தும் ரோட்டுப் பேச்சுதானா?”

“உனக்கும் எடம் போட்டிருக்கேன்ல.”

“எங்கன? லோடு மேலயா?”

“கேபின்லதான்.”

கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். “சன்னலோரம்னா வாரேன்” என்றாள். சன்னலோரம் எனக்குத்தான் என்று நான் அழுததும், அம்மாவுக்கு உங்கள் இருக்கையைத் தருவதாகவும் அவளே ஓட்டட்டும் என்றும் நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறதா?

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மா கல்சட்டியில் புளி ஊறவைப்பாள். புளி ஊறினால் விடியலில் அய்யா இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். புளிச்சோற்றோடு, கொதிக்கவைத்த தண்ணீரைப் பித்தளைக் கூஜாவில் ஊற்றி, “ஊர் ஊராத் தண்ணி மாத்திக் குடிக்காதீக” என்று கொடுப்பாள். கூஜா எத்தனை நாளைக்கு வரும்?

போன தையில் காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. வெளியூர்த் தண்ணீர்தான் காரணம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். கூஜா பரணுக்குப் போயிற்று. விருதுநகரில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட என்னை விடவில்லை. “அங்கன போயித் தண்ணி குடிப்ப. வேண்டாம்” என்றாள். அவளிடம் கொடைக்கானல் என்று எப்படிச் சொல்வேன்? மூன்று நாளாக வாய்வரை வந்து திரும்பிவிடுகிறது.

மலை ஏறினால் பயமாக இருக்குமே என்று உங்களிடம் ஒருமுறை கேட்டேன். “கீழ பாக்காத. அடுத்த வளைவ மட்டும் பாரு” என்றீர்கள். சரி அய்யா. அம்மாவை எழுப்பிக் கேட்டுவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதீர்கள்.

அடுக்களையைத் தாண்டித்தானே அம்மா படுத்திருக்கும் இடம். அங்கே கல்சட்டியில் புளி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கூஜா, துலக்கிப் பளபளவென்று. தொட்டேன். தண்ணீர் இன்னும் ஆறவில்லை.

“உங்க டீச்சர் முந்தாநாளே சொல்லிட்டாக” என்று இருட்டிலிருந்து அம்மா பேசினாள். “நீயா எப்பக் கேப்பேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். என்கிட்ட அம்புட்டுப் பயமாட்டி?”

கூஜாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

“காயிதத்தக் கொண்டா. கூஜாத் தண்ணியத் தவிர வேற தண்ணி வாயில பட்டுச்சு, தோல உரிச்சுருவேன்.” காகிதத்தோடு நான் கொண்டுபோன விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “சன்னலோரமா உக்காரு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நாளைக்கு இந்த நோட்டையும் கூஜாவையும் எடுத்துப் போகிறேன். பஸ்ஸை எங்கே நிறுத்தினாலும் ஏரிவரை நடந்துவிடுவேன். கொடைக்கானலுக்கு நேரே இருக்கும் வரிக்குக் கீழே, பார்த்ததையெல்லாம் எழுதுவேன். ஊட்டி, மைசூர், பெங்களூர்ப் பக்கங்கள் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் அய்யா. அங்கெல்லாம் அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும். சன்னலோரத்தை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்.