குளிசை போட்டவர்களுக்குப் பத்து மணி நம்பர்

அனுப்புநர்:
திருமதி வேலாப்போடி தங்கமுத்து (வயது 66),
நாவலடிமுனை, வெருகல் வீதி,
திருகோணமலை மாவட்டம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
திருகோணமலை.

விடயம்: மனநலக் கிளினிக்கின் நம்பர் துண்டைக் காலை பத்து மணிக்குக் கொடுத்தல், எனது கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட ஒரு சொல்லை வெட்டுதல்.

கனம் ஐயா,

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளைப் பேத்தி சுதர்சிகா திருத்தித் தந்தாள். திகதிகளை அவள் தொடவில்லை. அவை என் தலைக்குள் இருப்பவை. வைத்தியசாலையின் பெயரைத் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்துள்ளேன். இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வருமுன் பல கைகள் மாறும் என்பது எனக்குத் தெரியும்.

1. 2019 இல் என் காதுக்குள் ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். இரவில் விழுங்க மருந்துக் குளிசை தந்தார்கள், கதை நின்றது. ஆகவே குளிசையின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது தந்த சோர்வை நித்திரை என்று சொல்லிவிட ஏலாது. காலை பத்து மணி வரை உடம்பு நனைந்த சாக்காகக் கிடக்கும். ஒருநாள் கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடியே உறங்கிப்போனேன். நான் செத்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டார் கத்தினார்கள். அதன்பின் வேலைகளை நேரம் மாற்றினேன். சமையல் பின்னேரம், முழுக்கு நாலு மணிக்கு, மீன் வெட்டுவது பலகையில் குந்தியிருந்து. வீட்டுக்குள் இப்படிச் சமாளித்தேன்.

2. கிளினிக்கைச் சமாளிக்க முடியவில்லை. மாதத்தின் கடைசிப் புதன்கிழமை காலை ஆறு முதல் ஏழு வரைதான் நம்பர் துண்டு. டொக்டர் வருவது ஒன்பதரைக்கு. ஆறுக்கு நிற்பதென்றால் நான் விடிய நாலரைக்கு எழும்பி முதல் பஸ் பிடிக்க வேண்டும். குளிசை போட்ட உடம்பு நாலரைக்கு எழும்பாது. ஆகவே செவ்வாய் இரவு குளிசையைப் போடாமல் விட்டேன். இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

3. இந்தப் பிழையை நான் மட்டும் செய்யவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் மூதூர் லைலாவும் அப்படித்தான். தோணிக்காரர் ஸெய்னுதீனும் அப்படித்தான். விசாரித்துப் பார்த்ததில் முப்பத்தெட்டுப் பேர். மாதத்தில் ஒரே ஒரு நாள் நாங்கள் எல்லோரும் தெளிவாக இருப்போம், அந்த நாளில்தான் டொக்டர் கௌசிகா எங்களைப் பார்ப்பா. "சோர்வு இருக்கா?" என்று கேட்பா. அன்று காலை இல்லைதானே, "இல்லை" என்போம். குளிசை போடவில்லை என்று சொன்னால் ஏச்சு விழும் என்ற பயம் வேறு. என் கொப்பியில் பதினொரு தடவை "சோர்வு இல்லை" என்று எழுதியிருக்கிறது. நன்றாகத் தாங்குகிறா என்று நினைத்து ஒருமுறை மருந்தைக் கூட்டியும் விட்டார்கள்.

4. 2024 ஜூலை 31 அன்று, முதல்நாள் இரவுக் குளிசையை ஒழுங்காகப் போட்டுவிட்டு, ஒன்பது இருபதுக்குப் போனேன். டொக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. நம்பர் கொடுக்கும் துவாரகன் என்பவர் கையில் அரைவாசி வடையோடு சொன்னார்: "நித்திரை கொள்ள வீடு இல்லையா அம்மா? அடுத்த மாசம் வாங்கோ." என் கொப்பியில் சிவப்புப் பேனையால் "ஒழுங்கீனமானவர்" என்றும் எழுதினார். கையிலிருந்த குளிசை ஒன்பதாம் நாள் முடிந்தது. பத்தொன்பது நாள் மருந்தில்லாமல் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் காதுக்குள் ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை.

5. 2025 ஜனவரி 29. அன்றும் முதல்நாள் இரவுக் குளிசையைப் போட்டுவிட்டே போனேன். பேத்தி ஓட்டோவில் ஏற்றிவிட்டாள். துண்டு கிடைக்கவில்லை. டொக்டரின் கதவுக்கு நேரே கிடந்த மர வாங்கில் இருந்தேன், அப்படியே உறங்கிவிட்டேன். குறட்டை உள்ளே கேட்டதாம். டொக்டர் கௌசிகா எழும்பி வந்து யாரிது என்று கேட்டா. லைலா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "இவதான் டொக்டர் உண்மையான தங்கமுத்து. நீங்க மாசாமாசம் பார்த்தது குளிசை போடாத தங்கமுத்து." டொக்டர் வரிசையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாவாம். பிறகு, "நேற்று இரவு குளிசை போட்டாக்கள் கையைத் தூக்குங்கோ" என்றாவாம். ஒருவரும் தூக்கவில்லை. என் கையை லைலா பிடித்துத் தூக்கினா. நான் அப்போதும் விழிக்கவில்லை.

6. அன்றிலிருந்து டொக்டரின் முதல் கேள்வி மாறியது: "நேற்றுப் போட்டீங்களா?" ஒவ்வொருவராகக் கேட்டு, கூட்டியதை எனக்கு மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போடும் நேரத்தையும் பின்னேரம் ஏழுக்கு மாற்றினா. ஏப்ரல் 30 அன்று பத்து மணிக்கு நம்பர் கொடுக்கச் சொன்னா. முப்பத்தெட்டுப் பேரும் குளிசை போட்ட முகத்தோடு வந்தோம். ஸெய்னுதீன் என்னைப் பார்த்து, "அக்கா, முதல் தரம் நம்மட சொந்த முகத்தோட வந்திருக்கம்" என்றார். சோர்வு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மத்தியானம் இன்னும் ஒருமுறை சரிய வேண்டும். ஆனால் காலை ஏழுக்கு எழும்புகிறேன், நானே தண்ணீர் அள்ளுகிறேன். காதுக்குள் ஒருவரும் இல்லை.

7. மே 28, ஜூன் 25 ஆகிய இரண்டு புதன்களிலும் துவாரகன் ஏழு மணிக்கே நம்பர் துண்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டார். "டொக்டர் சொன்னது வாய்க்கதை, மேலிடத்துக் கடிதம் வேணும்" என்றார். நாங்கள் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இரண்டு நாளும் டொக்டர் துண்டு பார்க்காமலே முப்பத்தெட்டுப் பேரையும் பார்த்து முடித்தா. மேலிடம் நீங்கள் என்று கேள்விப்பட்டு எழுதுகிறேன்.

ஆகவே, பத்து மணி நம்பரை எழுத்தில் தரவேண்டும். "ஒழுங்கீனமானவர்" என்ற சொல்லை, எழுதிய கையே சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் திகதி இடவேண்டும். வெள்ளை மை பூசி மறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த கிளினிக் ஜூலை 30. அதற்கு முதல் நாள் பின்னேரம் ஏழு மணிக்கு முப்பத்தெட்டு வீட்டிலும் குளிசை போடப்படும். நம்பருக்காக அதை விட்டுவிடச் சொல்ல இனி எவராலும் ஏலாது. உங்கள் கடிதம் அதற்குமுன் வந்து சேரும்படி மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் கையால் எழுதி ஒப்பமிடுவது,
வே. தங்கமுத்து

இடம்: நாவலடிமுனை
திகதி: 2025.07.04
எழுதி முடித்த நேரம்: காலை 7.40