அலோன் துறைமுகக் கூலிகளின் 1929 விண்ணப்பம்: நான்காம் பக்கத்தின் நகல் கோரி

அனுப்புநர்:
ஜஸீலா (பதிவுப் பெயர்: மா தின்சா வின்),
த/பெ. அஷ்ஃபாக் (பதிவுப் பெயர்: ஊ சோ வின்),
எண் 37, மூன்றாம் மாடி, 14ஆம் தெரு,
லான்மடாவ், யாங்கோன், மியான்மர்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கடல்வழிக் குடிபெயர்ந்தோர் ஆவண நிலையம்,
நாகப்பட்டினம்.

பொருள்: 1929ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் தர மறுத்த உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நகல் பிரிவின் கடிதம், நாள் 18.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. லைங் தாயாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வயது இருபத்தைந்து. தங்கள் நிலையத்துக்கு இதற்கு முன் மூன்று முறை ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதினால்தான் இயக்குநரின் பார்வைக்கு வைக்க முடியும் என்று பதில் வந்ததால் இப்போது தமிழில் எழுதுகிறேன். எனக்குப் பேச்சில் பர்மியம்தான் முந்தி வரும். ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தைப் பார்க்கவும்.

2. எனக்கும் என் தந்தைக்கும் குடியுரிமை அட்டை இல்லை. எங்கள் முன்னோர் 1948 ஜனவரி 4ஆம் தேதிக்கு முன்பே இந்த நாட்டில் குடியிருந்தார்கள் என்று ஆவணம் காட்டினால்தான் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் நிற்கும். என் பாட்டனாரின் தந்தை பர்கத்துல்லா, இங்கே யாங்கோனின் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு விழுந்தபோது அவர் வீட்டோடு காகிதங்களும் எரிந்தன. விசாரணைக்கு இரண்டு தேதிகள் முடிந்துவிட்டன. மூன்றாவது தேதி வரும் மார்ச் 9. அன்று ஆவணம் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

3. அட்டை இல்லாமல் இருப்பது என்னவென்று தங்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆகஸ்டு மாதம் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தைப் பாலத்தருகே சோதனைக்கு நிறுத்தினார்கள். எல்லாப் பெண்களும் அட்டையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டார்கள். என்னிடம் இருந்தது தொழிற்சாலை கொடுத்த கடிதம். அதை யாரிடமோ தொலைபேசியில் படித்துக் காட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் சாலையோரம் நிற்க, என் வரிசையில் தைப்பவர்கள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அன்று அனைவருக்கும் தாமதம். யாராவது திட்டியிருந்தால் தேவலை.

4. இனி ஆவணத்துக்கு வருகிறேன். பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிக்கலாமா, தன்னாட்சி கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று லண்டன் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கருத்துக் கேட்க ஒரு குழு ரங்கூனுக்கு வந்தது. அந்தக் குழுவுக்கு அலோன் துறைமுகக் கூலிகள் அறுபத்தொரு பேர் பெயரில் ஒரு விண்ணப்பம் போனது. அதை எழுதியவர் அவர்களைக் கப்பலேற்றி அழைத்துவந்த மேஸ்திரி, நாகூர் சாதிக் பாட்சா. முதல் மூன்று பக்கம் ஆங்கிலத் தட்டச்சு. பர்மியர் ஆளத் தகுதியற்றவர் என்றும், தன்னாட்சி வந்தாலும் ஆள் எடுக்கும் உரிமை மேஸ்திரிகளிடமே இருக்க வேண்டும் என்றும், கூலிகள் அனைவரும் சில ஆண்டு உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்புகிறவர்கள் என்றும் அதில் உள்ளது. நான்காம் பக்கம் கைநாட்டுத் தாள். ஒரு தேசத்தின் தலையெழுத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க வந்தவர்கள் மூட்டைக்கு அடியில் இருந்தவரைக் கேட்கவில்லை. மேஸ்திரியைக் கேட்டார்கள். மேஸ்திரி அறுபத்தொரு பேரின் தாளைக் காட்டினார்.

5. இந்த மேஸ்திரி எந்தக் காகிதத்துக்கும் இரண்டு பிரதியில் கைநாட்டு வாங்குவார். ஒன்று வெள்ளைக்காரருக்கு, ஒன்று அவர் பெட்டிக்கு. ஓடிப்போகும் கூலியைத் தேடிப் பிடிக்க அது உதவும். அந்தப் பெட்டிதான் அவர் குடும்பத்தாரால் தங்கள் நிலையத்துக்கு நன்கொடையாக வந்துள்ளது. கூலியைக் கட்டிவைக்க எடுத்த பிரதியைத் தவிர அந்தக் கூலி வாழ்ந்ததற்கு இன்று வேறு சாட்சியம் இல்லை.

6. எங்கள் முதல் கோரிக்கைக்குத் தங்கள் நகல் பிரிவு முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியது. "மாதிரிக்கு ஒரு பக்கம்" என்று முத்திரை இருந்தது. வேறு கதியில்லாமல் அதையே இரண்டாவது விசாரணையில் கொடுத்தோம். அது எங்கள் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். அதிகாரி வயதானவர். பொறுமையாகப் படித்தார். என்னை மகளே என்னும் பொருளில் 'தமீ' என்று அழைத்து, "தமீ, இது நீங்களே கொண்டுவந்த காகிதம். இதில் உங்கள் ஆட்களே திரும்பிப் போய்விடுவோம் என்கிறார்கள். எங்களுக்கு ஆளத் தெரியாது என்றும் சொல்கிறார்கள். இதை வைத்து நான் என்ன செய்ய?" என்றார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. கையில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

7. அதன் பிறகு நாகூரில் இருக்கும் என் தாய்வழி உறவினர் சர்ஃபராஸ் தங்கள் வாசிப்பறைக்கு நேரில் சென்றார். கைப்பேசி அனுமதி இல்லாததால் நான்காம் பக்கத்தைப் பென்சிலால் பார்த்தெழுதினார். அறுபது கைநாட்டுகள். ஒரே ஒரு கையெழுத்து, முப்பத்தெட்டாவது இடத்தில். அதன் கீழே, இருந்த கொஞ்ச இடத்தில், அந்த ஆள் சொந்தமாக எழுதியிருப்பது இது:

"பர்மாவை பர்மாகாரரிடம் குடுக்கிறதே ஞாயம். நான் திரும்பி போகிறவன் அல்ல. அலோன் நெல் கிட்டங்கிக்கு பின்வசம் குடியிருக்கிறேன். பெண்சாதி மா சேன். ஆண் பிள்ளை ஒன்று. பர்கத்துல்லா, வயது 23."

இதன் மேல் ஒரு கோடு அடித்திருக்கிறது. ஓரத்தில் வேறு கையெழுத்தில்: "இவனுக்கு இனி மூட்டை இல்லை. சா.பா."

8. அந்த ஆண் பிள்ளை என் பாட்டனார். பர்கத்துல்லா ஏன் துறைமுகத்தை விட்டு விறகு வெட்டப் போனார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சோம்பேறி, கப்பல் வேலை ஒத்துவரவில்லை என்றுதான் பேச்சு. சர்ஃபராஸ் தொலைபேசியில் இந்த வரிகளைப் படித்தபோது என் தந்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கடைக்குப் போய்விட்டார்.

9. பென்சில் பிரதி விசாரணையில் செல்லாது. முத்திரையிட்ட நகல் கேட்டு மீண்டும் எழுதினோம். பார்வையில் கண்ட கடிதத்தில் மறுப்புக்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன.

(அ) தாளில் அறுபத்தொருவரின் தனிப்பட்ட விவரம் இருப்பதால் அனைவரின் வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும் என்பது. மற்ற அறுபது பேரின் வாரிசுகள் உலகில் எங்கே இருக்கிறார்கள் என்று தங்கள் நிலையத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முப்பத்தெட்டாம் பதிவு தவிர மற்றவற்றை மறைத்து நகல் எடுக்கலாம்.

(ஆ) என் தந்தையின் பெயர் சோ வின் என்றிருப்பதால் உறவுமுறை ஐயத்துக்குரியது என்பது. ஐயா, இங்கே பள்ளிக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். எனக்கும் அப்படித்தான். எங்கள் பள்ளிவாசலின் பழைய ஏடுகள் போரில் போய்விட்டன. 1955இல் தொடங்கிய நிக்காஹ் ஏட்டில் என் பாட்டனாரின் திருமணம் உள்ளது: "பர்கத்துல்லா மகன், தாயார் மா சேன்". என் தந்தையின் திருமணப் பதிவில் அவருடைய இரண்டு பெயர்களும் உள்ளன. நிர்வாகிகள் சான்றிட்ட பிரதிகளை இணைத்துள்ளேன். தாயார் பெயரை நான்காம் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தங்களால்தான் முடியும், ஏனென்றால் அது தங்களிடம்தான் இருக்கிறது.

(இ) ஓரக்குறிப்பு நன்கொடையாளர் குடும்பத்தின் மனதைப் புண்படுத்தும் என்பது. அந்தக் குறிப்பால் ஒருவருடைய பிழைப்பு போனது. படித்தால் புண்படுகிறவர்கள் படிக்காமல் இருக்கலாம்.

10. ஜனவரி 6ஆம் தேதி தங்கள் நகல் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர், "மேடம், நீங்க பர்மாக்காரங்கதானே, உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தப் பழைய காகிதம்? முதல் பக்கம் குடுத்தாச்சுல்ல, மேட்டர் எல்லாம் அதுலயே இருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற என் தந்தை, "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு இருக்கிற பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டுக் குடுத்திருக்கீங்கன்னு சொல்லு" என்றார். அப்போது நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். என்னைப் பர்மாக்காரி என்று இதுவரை உறுதியாகச் சொன்ன ஒரே அரசு ஊழியர் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். அதை அவர் முத்திரை போட்டுக் கொடுத்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

11. மேஸ்திரியின் கருத்து மூன்று பக்கம் முழுக்கத் தட்டச்சாகி லண்டன் வரை போனது. கேட்ட கேள்விக்குச் சொந்தமாகப் பதில் சொன்ன ஒரே கூலியின் நான்கு வரியைக் கோடு அடித்தார்கள். அது 1929. இன்றைய மறுப்புக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை என்பதை அறிவேன். அலுவலகப் பழக்கம்தான். ஆனால் இரண்டிலும் காணாமல் போவது அதே நான்கு வரி.

12. ஆகவே கேட்டுக்கொள்வது: நான்காம் பக்கத்தின் முப்பத்தெட்டாம் பதிவை, மேலே அடித்த கோட்டோடும் ஓரக்குறிப்போடும், எதையும் திருத்தாமல் நகலெடுத்து முத்திரையிட்டுப் பிப்ரவரி மாதத்துக்குள் அனுப்ப ஆணையிட வேண்டும். நேரில் பெற்றுக்கொள்ள சர்ஃபராஸுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துள்ளேன். தர இயலாது என்று தாங்கள் முடிவெடுத்தால், அப்படி ஒரு பதிவு தங்களிடம் உள்ளது என்றாவது தங்கள் கையெழுத்தில் ஒரு வரி தரவும்.

மார்ச் 9 காலை பத்து மணிக்கு என் தந்தை அந்த அதிகாரியின் மேசை முன் நிற்பார். முதல் பக்கம் ஏற்கனவே அங்கே கோப்பில் இருக்கிறது. எங்களுக்கு விரோதமாக அது பேசி முடித்துவிட்டது. பர்கத்துல்லா பேச வேண்டியது பாக்கி.

நாள்: 19.01.2026
இடம்: லான்மடாவ், யாங்கோன்

இப்படிக்கு,
ஜஸீலா

இணைப்பு:
1. நிக்காஹ் ஏட்டின் சான்றிட்ட பிரதிகள் – 2
2. சர்ஃபராஸின் பென்சில் பிரதி – 1
3. அதிகாரக் கடிதம் – 1