முளைப்புத் திறன் கேட்ட அப்பாவுக்கு

அப்பா,

இன்று ஃபிரிட்ஜைத் துடைத்தபோது அந்தப் பிளாஸ்டிக் டப்பா கைக்கு வந்தது. நீங்கள் ஒட்டிய சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் இன்னும் உரியவில்லை. அம்மா அதில் மல்லிகைப்பூ வைத்திருக்கிறாள். விஷ டப்பாவிலிருந்து எடுத்துத்தான் தினமும் கோயிலுக்குக் கொண்டுபோகிறாள்.

டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர் நீங்கள். என் கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியானதும், நாம் இருவரும் தஞ்சாவூரில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம். கீமோ மருந்து கருமுட்டைகளையும் சேர்த்துக் கெடுக்கலாம், மாதவிலக்கே நின்றுபோகலாம் என்றார். நான் தரையைப் பார்த்தேன். பூதலூரில் இருபது வருடம் பூச்சிமருந்துக் கடை நடத்திய நீங்களோ நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

“களைக்கொல்லி பயிரையும் சேத்துக் கருக்குற மாதிரிங்களா?”

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க.”

“எத்தன நாள்ல திரும்பத் தெளியும்?”

“போனது போனதுதாங்க. பொறக்கும்போதே உள்ள முட்டைதான். புதுசா உருவாகாது.”

“அப்ப புது லோடு வராது. இருக்கிற ஸ்டாக்குதான்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்படின்னா வெதநெல்ல முன்னாடியே எடுத்து வெச்சிரலாம்ல?”

“அதத்தாங்க சொல்ல வந்தேன்.”

கீமோவை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். அதற்குள் தினமும் ஊசி போட்டு முட்டைகளை முதிரவைத்து, திருச்சியில் எடுத்து உறையவைத்துவிடலாம் என்றார். ஃபிரிட்ஜில் வைத்த ஊசி மருந்தை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று கடையிலிருந்து விஷ லேபிளைக் கொண்டுவந்து டப்பாவில் ஒட்டினீர்கள். முதல் நாள் ஊசி போட வந்த அடுத்த தெரு நர்ஸக்கா டப்பாவைப் பார்த்ததும் வாசலுக்கே போய்விட்டார்.

“அண்ணே, இத நான் போட மாட்டேன். போலீஸ் கேஸாயிடும்.”

“உள்ள இருக்கறது நல்ல மருந்தும்மா. லேபிள் மட்டுந்தான் நம்மளது.”

டாக்டரம்மா போனில் சத்தியம் செய்த பிறகுதான் ஊசி ஏறியது.

ஏழு முட்டைகள் கிடைத்தன. “மொளப்புத் திறன் எத்தன பர்சென்ட்டுங்க?” என்று திருச்சி லேபில் கேட்டீர்கள். உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். “நம்ம கடையிலயும் அதத்தான் சொல்லுவோம், பாப்பா” என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள்.

கீமோவால் எட்டு மாதம் நின்றிருந்த விலக்கு திரும்ப வந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, “மழ வரப்போவுதாம்” என்றீர்கள்.

விலக்கு வந்தாலும் முட்டைக் கையிருப்பு குறைவுதான் என்று பிறகு ஒரு பரிசோதனை சொன்னது. அதைக் கேட்க நீங்கள் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோயிருந்தது.

போன ஞாயிறு சீர்காழியிலிருந்து ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். தனியாகப் பேசச் சொன்னதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“கீமோ எடுத்திருக்கேன். கருமுட்டை கொறஞ்சிருச்சு. ஏழு மட்டும் திருச்சியில எடுத்து வெச்சிருக்கு. அதுவும் கொழந்தையாகும்னு உறுதியில்லங்க.”

அவர் காது சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

“கரண்ட் போச்சுன்னா என்னங்க பண்ணுவாங்க?” என்றார்.

முட்டைகள் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கின்றன, அதற்குக் கரண்ட் வேண்டாம் என்றேன். பெரிய கவலை தீர்ந்ததுபோல் தலையாட்டினார். என்ன முடிவாகும் என்று தெரியவில்லை. ஆனால் என் குரல் நடுங்கவில்லை. பதிலும் கைவசம் இருந்தது, அப்பா. திருச்சியில் நீங்கள் அதையும் கேட்டிருந்தீர்கள்.