தண்டு வேண்டுமாம்

ஒக்டோபர் 1, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குப் பிறகுதான் நமுனுகுல மலையின் தலை தெரிந்தது. மத்தியானம் மழை வரும் என்று தெரிந்துகொண்டே வேட்டியைக் காயப்போட்டேன். வந்தது. நனைந்தது.

வேலை: களை பிடுங்கல். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், தோட்ட நிர்வாகம் தேயிலையைக் கைவிட்டு எங்களுக்குப் பயிர் செய்ய விட்ட துண்டு. லெட்டூஸ் சலாது நான்கு பாத்தி (ஒன்று பிந்தி நட்டது, இன்னும் சின்னது). புதினா மூன்று. பார்ஸ்லி ஒன்று. முழங்கால் வலி.

வெள்ளிக்கிழமை முதல் அறுவடை. எல்லவில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஒரு ஹோட்டலுக்கு. அங்கே சமையலறைப் பொறுப்பு நிஷாந்த என்பவர். மருமகள் சாந்தி போனில் பேசிப் பேசிப் பிடித்த ஆள். இலை திருப்தி என்றால் கிழமைக்கு இரண்டு தரம் எடுப்பார். இல்லையென்றால் சாந்தி குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. பாஸ்போர்ட் ஏற்கெனவே பதுளை ஏஜென்சிக்காரனிடம்.

"ஹோட்டல் சரிவந்தா போகல மாமா. சரிவராட்டி போறேன். அவ்வளவுதான்."

பாப்பாவுக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா, அதாவது என் மகன் குமார், கொழும்பில் இரும்புக்கடையில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவன். அவனுக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு இருக்கிறது. சொல்லவில்லை. இதில் மாமனார் வாய் திறக்கலாமா? தெரியவில்லை.

ஒக்டோபர் 2, புதன்

கோயில் மண்டபத்தில் விவசாயக் கூட்டம். இளம் அதிகாரி, நல்ல பிள்ளை. திரையில் பெரிய எழுத்தில் "சிறு விவசாயிகள்: சவால்களும் வாய்ப்புகளும்". பேச்சு சிங்களத்தில். மொழிபெயர்க்க என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒன்றுதான் சொன்னேன். வகுப்பில் முப்பது வருடம் எப்படிப் பேசினேன் என்று எனக்கே விளங்குவதில்லை. பிள்ளைகள் முன்னால் என்பதால் இருக்கலாம்.

வாய்ப்புகள்: பெஷன் புரூட், மிளகு, சுற்றுலா. சவால்கள்: காலநிலை.

பக்கத்து லயத்துப் பாக்கியம் எழுந்தாள். வாழ்நாள் எல்லாம் கொழுந்து எடுத்துப் போன வருடம் ஓய்ந்தவள், இப்போது எங்களோடு பாத்தியில். "காட்டுப்பன்னிக்கு நம்ம தோட்டத்துல நல்ல வாய்ப்பு இருக்கு, அத எழுதிக்கிட்டாரான்னு கேளுங்க வாத்தியாரய்யா."

அதிகாரி என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று.

"நன்றி சொல்கிறார்" என்றேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

மழை இல்லை. முதல் அறுவடை.

சாந்தி, பாக்கியம், இன்னும் இரண்டு பெண்கள். ஆளுக்கொரு பாத்தி பிரித்துக்கொண்டார்கள், தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை பிரிப்பது போலவே. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. புதினாவில் நுனித் தளிர் மட்டும். சலாதில் நடுக்குருத்து மட்டும். வெளி இலையெல்லாம் முற்றல் என்று செடியிலேயே விட்டுவிட்டார்கள். பறித்ததைச் சாக்கில் போட்டு, கையால் அமுக்கி, மேலும் போட்டு, மேலும் அமுக்கி.

வெயிலுக்குக் குடையோடு ஓரத்தில் நின்றேன். பார்க்க அழகாக இருந்தது. சந்தையில் புதினாவைக் கட்டாக, தண்டோடு அல்லவா விற்பார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, அது சந்தை, இது ஹோட்டல், நல்ல சாமான் கேட்கிற இடம் என்றும் நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்களுடையது தொழில் தெரிந்த கை. நான் கணக்கு வாத்தி.

"ஒரு முத்தல் இல்ல, ஒரு தண்டு இல்ல" என்றாள் பாக்கியம். "கொழுந்து நிறுத்த நம்ம பழைய கணக்கப்புள்ள பாத்தாருன்னா சந்தோசத்துல மயங்கிருவாரு."

சாக்கு பஸ்ஸில் போனது. சாந்தி நெற்றியில் திருநீறு.

ஒக்டோபர் 5, சனி

சாந்தி மலை ஊற்றுப் பீலியில் குளிக்கப் போயிருந்த நேரம் போன் அடித்தது. நான் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

நிஷாந்த. சிங்களம் வேகமாக வந்தது. எனக்கு விளங்கியவரை: சாக்கை அவிழ்த்ததும் ஆவி வந்ததாம். இலையெல்லாம் சூடேறிக் கறுப்பு. இது என்ன, தேயிலைத் தொழிற்சாலையா என்று கேட்டார். சலாது இலை பிரியாமல், கோவா மாதிரி முழுப் பூவாக வேண்டும், வேர்ப்பக்கம் சேர்த்து. புதினா நீளத் தண்டோடு வேண்டும், தண்ணீரில் நிறுத்தி வைக்க. தண்டில்லாமல் எதை நிறுத்துவது? வருகிற வெள்ளிக்குள் சரியானதைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் நுவரெலியாவிலிருந்து எடுப்பாராம்.

"சொறி சேர்" என்றேன். பல தடவை. அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது.

படமும் அனுப்பியிருந்தார். சாந்தி பார்த்தாள். ஈரத்தலையோடு பாத்தி ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பேசியது பாக்கியம்தான். "தண்டையா கேக்குறான்? தண்டு போட்டா கொழுந்து நிறுக்குற எடத்துல ராத்தல வெட்டுவானுங்க. சாக்கப் பிரிச்சு எல்லாருக்கும் முன்னால காட்டுவானுங்க, இந்தா பாரு இவ லட்சணத்தன்னு. அதுக்குப் பயந்தே எங்க வெரலு இப்படி ஆயிருச்சு. இவன் என்னடான்னா தண்டு எங்கங்குறான்."

உண்மை. நானும் அதே லயத்தில் பிறந்தவன். அம்மாவின் கூடையில் தண்டு பொறுக்கி எறிந்தவன். அதனால்தான் அழகாகத் தெரிந்திருக்கிறது.

மிச்சம்: மூன்று பாத்திச் சலாது நடுக்குருத்து போய் நிற்கிறது, இனிப் பூ கட்டாது. மாட்டுக்குத்தான். புதினா துளிர்க்கும், ஆனால் உடனே இல்லை.

ஒக்டோபர் 6, ஞாயிறு

இரவு பன்றி வந்து பார்ஸ்லிப் பாத்தியைக் கிண்டிவிட்டுப் போயிருக்கிறது. தின்னவுமில்லை. சும்மா கிண்டல்.

குமார் கோல் எடுத்தான். "ரெண்டு வருசந்தானேப்பா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்." யாருடைய கண்ணை என்று கேட்கத் தோன்றியது. "ம்" என்றேன்.

ஏஜென்சிக்காரனும் கோல் எடுத்தான். பதினாலாம் திகதி, திங்கள், விடிய பதுளைக்கு வரவேண்டுமாம். அங்கிருந்து வேனில் கொழும்புக்கு, மெடிக்கல். சாந்தி "சரிங்கண்ணே" என்றாள். ஒரே ஒரு "சரிங்கண்ணே". எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் போய் வேலிக் கம்புகளைச் சரிசெய்தேன்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

பதுளை. சலாது விதை, கயிறு, முழங்காலுக்குத் தைலம். (தைலம் மறந்துவிட்டேன்.)

விதைக்கடை நிசாரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு.

"மாஸ்டர், தண்டுக்குப் பயந்த ஆக்கள்னு அந்த மனுசனுக்கு எப்படி விளங்கும்? நீங்க போய் விளங்கப்படுத்தோணும்."

"நானா?"

"பின்ன என்ன, குரங்கா போற? ஒங்களுக்கு சிங்களமும் ஈக்குது, இங்கிலிஸும் ஈக்குது. பிந்தி நட்ட பாத்தி ஒண்டு ஈக்குதுண்டீங்களே, அதுல ஆறு பூ வேரோட எடுங்க. வாளியில தண்ணி ஊத்தி நிறுத்திக் கொண்டு போங்க. வாடிச்சோ, ஒங்கட பேச்சும் வாடிரும்."

சாந்தி போகட்டுமே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். "அந்த ஆளு மூஞ்சியில என்னால முழிக்க முடியாது மாமா." அதோடு கதை முடிந்தது.

பஸ்ஸில் வரும்போதே ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒக்டோபர் 10, வியாழன்

எல்லவுக்குப் போய் வந்தேன்.

ஆறு சலாது. பீலியடியில் தானாக வளர்ந்து யாரும் கிள்ளாத புதினா, அடியில் வெட்டி இரண்டு கட்டு. எல்லாம் வாளியில், நிமிர்த்தி. பஸ்ஸில் வாளியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் காலில். கொண்டக்டர்: "என்ன சேர், மீனா? உயிரோடயா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. ஒரு வெள்ளைக்காரப் பெண் படம் எடுத்தாள்.

பின்பக்கக் கேட். காவலாளி உட்காரச் சொன்னார், உட்கார இடமில்லை. நின்றேன். நெடுநேரம். திரும்பிவிடலாம் என்று இரண்டு தரம் வாளியைத் தூக்கினேன். கனம் காரணமாக மறுபடி வைத்தேன்.

நிஷாந்த வந்தார். அடுக்கி வைத்த வாக்கியங்கள் அத்தனையும் போய்விட்டன. பாதி ஆங்கிலம், பாதி சிங்களத்தில், கொழுந்து எடுப்பதைக் கையால் செய்து காட்டினேன். தண்டு இருந்தால் நிறையைக் குறைப்பார்கள். அதனால் மிக நல்லது எதுவோ அதையே உங்களுக்கு அனுப்பினார்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டு என் கதையை முதலிலிருந்து சொன்னார். இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை.

சலாதை எடுத்து அடியில் வெட்டி முகர்ந்தார். இதைத்தான் கேட்டேன் என்றார். செவ்வாய், வெள்ளி, எட்டு மணிக்கு முன், இப்படியே தண்ணீரில். முதலில் கொஞ்சமாக. ஒரு நிபந்தனை: "அங்கிள், நீங்களே வாருங்கள். உங்களோடு பேசினால் விளங்குகிறது. போனில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை."

"அறிவிக்கிறேன்" என்றேன். ஆங்கிலத்தில். பெரிய கந்தோர் அதிகாரி மாதிரி. பிறகு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டில் சாந்தி வாசலிலேயே நின்றாள். "என்ன மாமா சொன்னாரு?"

"பார்த்தார். நல்லது என்றார். சொல்லியனுப்புவாராம்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஒக்டோபர் 11, வெள்ளி

மழை. ஏன் சொன்னேன் என்பதற்குக் காரணங்கள்:

முழங்கால். (பொய். மலை ஏறுகிறேனே.)
பஸ் கூட்டம். (பாதிப் பொய்.)
கிழமைக்கு இரண்டு தரம் அந்தக் கேட்டடியில் நின்று, யாராவது ஏதாவது கேட்டு, நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் இலை சரியில்லை என்பார். அதற்கும் நான்தான் நிற்க வேண்டும்.

மூன்றாவதுதான்.

பாக்கியம் பீலியடியில் தண்டோடு வெட்டிப் பழகுகிறாள். "கத்தியக் கீழ கொண்டு போனா கை தன்னால மேல வருது வாத்தியாரய்யா. பேய் புடிச்ச மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹோட்டல்காரன் இன்னும் சொல்லியனுப்பலயா?"

இல்லை என்றேன். இரண்டாம் பொய்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

சாந்தி பாப்பாவுக்குத் தலை பின்னினாள். பின்னியதை அவிழ்த்து, பாப்பாவையே பின்னச் சொன்னாள். "மூணாப் பிரி. இத அதுக்கு மேல போடு. இறுக்கிப் புடி." பாப்பாவுக்குக் கை எட்டவில்லை. கோணல். மறுபடி அவிழ்த்தாள். மறுபடி. பாப்பா, "நீங்களே பின்னுங்கம்மா, நீங்க நல்லா பின்னுவீங்க" என்றாள்.

சாந்தி சீப்பைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சொல்ல எழுந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். எழுபத்துமூன்று வயது. வெட்கம்.

ஒக்டோபர் 14, திங்கள்

விடியவில்லை, அவள் சீலை உடுத்திப் பையோடு நின்றாள். பாப்பா தூக்கத்தில்.

"போய்ட்டு வாறேன் மாமா. பாப்பாவுக்கு ரொட்டி மூடி வச்சிருக்கேன்."

நான் கதவில் நின்றேன். வழி மறிப்பது போல் ஆகிவிட்டது, நினைத்துச் செய்யவில்லை.

"ஹோட்டலில் சரி சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமையே. செவ்வாயும் வெள்ளியும். ஆனால் நான்தான் கொண்டு போகணுமாம். நான்தான் பேசணுமாம்." பிறகு, "போறேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு நாளா இத வயித்துக்குள்ள வச்சிக்கிட்டா இருந்தீங்க? நான் நாலு நாளா தூங்கல மாமா."

"பயம்" என்றேன்.

"எனக்கு மட்டும் குவைத்துக்குப் போக ஆசையா?"

பையை இறக்கினாள். ஏஜென்சிக்காரன் இரண்டு தரம் கோல் எடுத்தான், அடிக்க விட்டாள். மூன்றாம் தரம் போனை எடுத்து, "வரலண்ணே. பாஸ்போர்ட்ட வந்து எடுத்துக்கிறேன்" என்றாள். அவன் கத்தியது எனக்கே கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாளைக்கு எத்தன பூ வெட்டுறது மாமா?" என்றாள்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

மழையிலேயே போய் மழையிலேயே வந்தேன். எல்லாம் எடுத்துக்கொண்டார். ஒரு இலை கழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு தரலாம் என்று கேட்டார். "இதே அளவு" என்றுதான் சொல்ல நினைத்தேன். அவர் சந்தோசமாக இருந்தார். "இரட்டிப்பு" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் சுவர்ப் பலகையில் எழுதியும் விட்டார்.

பாத்தியில் அவ்வளவு இல்லை. வரும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன், எப்படி எண்ணினாலும் இல்லை. நிஷாந்தவுக்குப் போன் செய்து குறைத்துச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் சாந்தியிடம் சொல்ல வேண்டும்.

அவள் பாத்தியில்தான் நிற்கிறாள், பாக்கியத்தோடு. ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்கிறது. நல்ல நேரமில்லை. சாப்பிட்ட பிறகு சொல்லலாம்.

இல்லை. இப்போதே. போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை எழுது...